14416: கரையில் எடுக்கும், கடலில் எடுக்காது

அரசின் ‘டெலி மானஸ்’ மனநலத் தொலைபேசிச் சேவை 2022 அக்டோபரில் தொடங்கியது. அதன் எண்தான் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். முதலில் ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல மருத்துவருக்கு மாற்றுவார். மீனவர்களே, கடலில் சிக்னல் கிடைக்காது, கரையிலிருந்தே கூப்பிடுங்கள். மனநலத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர் மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். ‘வெள்ளை மாத்திரை, ராத்திரிக்கு ஒண்ணு’ என்றால் மறுமுனையில் யாராலும் எதுவும் செய்ய முடியாது. பெயர், மில்லிகிராம், கடைசியாகப் போட்ட நேரம், மூன்றும் வேண்டும்.

மனச்சோர்வு, தூக்கமின்மை, தற்கொலை எண்ணம் எனப் பேசித் தொடங்க வேண்டியதற்கெல்லாம் தாராளமாக நம்பலாம். மனநிலை ஏற்ற இறக்கத்துக்கான லித்தியம் மாத்திரை சாப்பிடுபவருக்கு இது மட்டும் போதாது. வெயிலில் வலை இழுத்து வியர்த்து, தண்ணீரும் சரியாகக் குடிக்காவிட்டால் ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். கை நடுக்கம் கூடி, வாந்தியும் தள்ளாட்டமும் வந்தால் அடுத்த வேளை மாத்திரை போடாமல் 108-ஐ அழையுங்கள். அளவு பார்க்கும் ரத்தத்தைக் கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன் எடுக்க வேண்டும். படகு கரையேறும் நேரத்துக்கு ஆய்வகம் திறந்திருக்காது என்பதுதான் இங்கே சிக்கல்.

ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநலக் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 தீ விபத்தில் சங்கிலியோடு மாண்ட மனநோயாளிகளைக் கரை மறக்கவில்லை. 2017 மனநலச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு சங்கிலியைத் தடை செய்கிறது. ஆனால் கட்டிப்போட்டவர் கையில் போன் ஏது? அக்கம்பக்கத்தார்தான் போலீசுக்குச் சொல்ல வேண்டும்.