முதல் மேடை எது? கூச்சப்படும் பாடகருக்குப் பஜனையா, கும்மியா, கரோக்கியா?

கொங்கு நாட்டில் நல்ல குரலுக்குப் பஞ்சமில்லை. தறிச் சத்தத்தையும் மீறிப் பாடிக்கொண்டே வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷின் முன்னால் உட்கார்ந்து சரணம் வரைக்கும் பிசகாமல் பாடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் சீர் வீட்டில் நாலு பேர் சுற்றி நின்று “ஒரு பாட்டுப் பாடு கண்ணு” என்று கேட்டுவிட்டால் தொண்டை அடைத்துக்கொள்ளும். அவர்களுக்கு எல்லோரும் சொல்லும் யோசனை, “தைரியமா ஏறிப் பாடுங்க, எல்லாஞ் சரியாப் போயிரும்” என்பது. எனக்கு இதில் உடன்பாடில்லை. தப்பான மேடையில் முதல்முறை ஏறி, அதோடு பாட்டையே விட்டவர்கள் உண்டு. அதனால் நம் பக்கத்தில் புதுசாகப் பாட வருகிறவருக்குக் கிடைக்கிற இடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

நான் மூன்று விஷயங்களை வைத்து அளக்கிறேன். கேட்பவர்களின் கண் எவ்வளவு நேரம் உங்கள் மேல் இருக்கிறது? நீங்கள் தடுமாறினால் பாட்டு நின்றுபோகுமா, ஓடிக்கொண்டிருக்குமா? அடுத்த வாய்ப்பு நாளைக்கா, ஆறு மாதம் கழித்தா? மூன்றாவதைத்தான் முக்கியமாக நினைக்கிறேன். சபைக்கூச்சம் ஒரே ஒரு பெரிய வெற்றியால் போவதில்லை, பழகப் பழகத்தான் குறையும்.

இந்த அளவுகோலில் மார்கழி பஜனைக்கு ஈடாக நான் எதையும் பார்த்ததில்லை. விடிவதற்கு முன் கோயிலில் கூடுகிறார்கள், அல்லது ஜால்ராவோடு வீதி சுற்றி வருகிறார்கள். ஒருவர் முன்பாட்டு, மற்றவர்கள் பின்பாட்டு. முதல் வாரம் பின்பாட்டுக் கூட்டத்தில் நின்றால் போதும், உங்கள் குரல் தனியாக யாருக்கும் கேட்காது. திருப்பாவை முப்பது பாட்டு. திருவெம்பாவை இருபதும் திருப்பள்ளியெழுச்சி பத்தும் சேர்ந்தால் அதுவும் முப்பது. மாதம் முழுக்கத் தினமும் பாட இடம் இருக்கிறது. இப்படித் தொடர்ந்து தினசரி வாய்ப்பு வேறு எந்த மேடையிலும் வராது. இரண்டாவது வாரம் பழக்கமான ஒரு பாட்டை எடுத்துக் கொடுக்கிறேன் என்று பஜனை நடத்துகிறவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அந்தக் குளிரில் எழுந்து வருகிறவர்கள் யாரும் மார்க் போட வருவதில்லை. கேட்கிறவர்களும் கூடவே பாடுகிறவர்கள் என்பதால் கண் உங்கள் மேல் நிற்காது. நடுவில் வரி மறந்தால் பக்கத்தில் நிற்கும் அம்மா எடுத்துக்கொடுத்துவிடுவார், பாட்டு நிற்காது.

சைவப் பதிகங்களிலும் இதே வசதி உண்டு. கொடுமுடியில் சுந்தரர் பாடிய நமச்சிவாயத் திருப்பதிகத்தில் நிறைவுப் பாட்டைத் தவிர மற்றப் பாட்டுகளில் கடைசி அடி ‘நமச்சிவாயவே’ என்றுதான் வந்து முடியும். அந்த ஒரு இடத்தில் மட்டும் வாய் திறந்தாலும் நீங்கள் பாடகர் வரிசையில் சேர்ந்தாயிற்று.

பஜனையின் குறையையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் மைக் இருக்காது. இருந்தாலும் ஆர்மோனியம் வாசிப்பவரின் கட்டைக்கு, அதாவது அவர் வைக்கும் சுருதி உயரத்துக்கு, நீங்கள் போக வேண்டும். ஆண்களுக்குச் சுமார் ஒன்று, ஒன்றரைக் கட்டையும், பெண்களுக்கு ஐந்து, ஐந்தரையும் வசதி என்று பொதுவாகச் சொல்வார்கள். இருபாலரும் சேர்ந்து பாடும்போது யாராவது ஒருவர் கஷ்டப்படத்தான் வேண்டும். மேல் ஸ்தாயியில் கத்தாமல், அந்த இடத்தில் அமைதியாகி மறுபடி சேர்ந்துகொள்ளலாம். குழுவில் அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

வள்ளிக்கும்மி வேறு மாதிரி. ஆசிரியர் ஒரு அடி பாட, வட்டத்தில் ஆடுகிறவர்கள் அதைத் திருப்பிப் பாடுவார்கள். வள்ளி–முருகன் கதை முழுக்க இப்படியே போகும். கை தட்டவும் அடி வைக்கவும் கவனம் போய்விடுவதால், கையை எங்கே வைப்பது, யாரைப் பார்ப்பது என்ற தவிப்பே வராது. கூச்சக்காரருக்குப் பாட்டைவிட உடம்புதான் பெரிய தொந்தரவு என்று நான் நம்புகிறேன். அந்தத் தொந்தரவைக் கும்மி அடியோடு தீர்க்கிறது. ஆடிக்கொண்டே பாடினால் மூச்சும் தானாக ஆழமாகிறது. ஒரு காலத்தில் ஆண்கள் மட்டும் ஆடிய இந்தக் கலையைப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தவர் கோவை மாவட்டத்தைச் சேர்ந்த பத்ரப்பன். 2024இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இன்று ஊர்ஊராகப் பயிற்சி நடந்து, கோயில் வாசலில் அரங்கேற்றமும் நடக்கிறது. ஆனால் தனிக்குரல் ஆசிரியருடையது. அரங்கேற்றம் முடிந்தும் தனியாகப் பாடும் பயம் அப்படியே இருக்கலாம். தனிக்குரல் வேண்டும் என்றால் ஆசிரியரிடம், “ஒரு அடி மட்டும் நான் எடுத்துப் பாடட்டுங்களா?” என்று பயிற்சி நாளிலேயே கேட்டுவிடுங்கள்.

அப்புறம் கரோக்கி. கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் வாரக் கடைசியில் ஹால் எடுத்துப் பாடும் நண்பர் குழுக்கள் நிறைய உண்டு. சினிமாப் பாட்டுதான் ஆசை என்றால் பஜனையும் கும்மியும் ஓரளவுக்குத்தான் உதவும். மைக், டிராக் (பாடகர் குரல் இல்லாத இசைப்பதிவு), ஸ்பீக்கர் இந்த மூன்றையும் பழகக் கரோக்கிதான் இடம். ஆனாலும் இதை முதல் மேடையாக நான் சொல்லமாட்டேன். டிராக்குக்கு இரக்கம் கிடையாது. நீங்கள் சரணத்தை ஒரு மாத்திரை தாமதமாக எடுத்தால் ஆர்மோனியக்காரர் காத்திருப்பார், டிராக் காத்திருக்காது. பதற்றத்தில் தாளம் முந்தும், வாய் உலரும், மூச்சு மேல்நெஞ்சிலேயே நின்றுவிடும். இதெல்லாம் அட்ரினலின் செய்யும் வேலை, உங்கள் திறமைக் குறைவு இல்லை. ஆனால் டிராக்கோடு பாடும்போது இந்தத் தடுமாற்றம் அப்பட்டமாகத் தெரிந்துவிடும்.

கரோக்கிக்குப் போவதென்றால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது கட்டை. அசல் பாடகரின் சுருதியிலேயே பாட வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. டிராக்கை இரண்டு அரைச்சுரம் இறக்கினால் ஐந்து கட்டைப் பாட்டு நாலு கட்டைக்கு வந்துவிடும். செல்போனிலேயே செய்யலாம். இரண்டாவது, மைக் பிடிப்பது. கூச்சக்காரர்கள் மைக்கை நெஞ்சுக்கு இறக்கிப் பிடித்து மெதுவாகப் பாடுவார்கள். குரல் கேட்கவில்லையே என்று மைக் செட்காரர் சத்தத்தைக் கூட்டுவார், உடனே ஸ்பீக்கர் ‘கீ’ என்று ஊளையிடும். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், குரல் இன்னும் சுருங்கும். மைக் தலையைக் கையால் பொத்திப் பிடித்தாலும் இதே கதிதான். நடுத்தண்டைப் பிடித்து, வாயிலிருந்து மூன்று நாலு விரல் தூரத்தில் வைத்து, வீட்டில் பாடும் சத்தத்திலேயே பாடுங்கள். வரி எழுதிய தாளைக் கையில் பிடிக்காதீர்கள். கை நடுங்கினால் தாள் அதை ஊருக்கே காட்டிவிடும், ஒரு ஸ்டாண்டு போதும்.

செல்போன் கரோக்கி ஆப்களைப் பலர் முதல் படியாகச் சொல்கிறார்கள். சுருதி விலகலைக் கண்டுபிடிக்கக் காதுக்கு நல்லதுதான். அதில் வயர் உள்ள இயர்போனையே மாட்டுங்கள், புளூடூத்தில் இசை தாமதமாகக் காதுக்கு வருவதால் உங்கள் குரல் டிராக்குக்குப் பின்னால் இழுக்கும். கூச்சத்துக்கு மட்டும் அது மருந்தாகாது. பிடிக்காவிட்டால் அழித்துவிடலாம் என்ற வசதி இருக்கும்வரை அது மேடைப் பழக்கம் ஆகாது.

போட்டி மேடை வேண்டவே வேண்டாம், முதல் வருஷத்துக்கு.

கடைசியாக ஆர்கெஸ்ட்ரா. மாரியம்மன் நோன்புக்குக் கம்பம் நட்டு ஆடும் ஊர்களிலும், கல்யாண ரிசப்ஷனிலும் பாட்டுக் கச்சேரிக்கு இன்னும் நல்ல மவுசு. இங்கே நேராகத் தனிப்பாட்டுக்கு நிற்காமல் கோரஸில் சேருங்கள். அடுத்ததாக ஜோடிப் பாட்டில் சின்னப் பங்கு. கோரஸில் இருப்பவருக்குக் கிடைக்கிற பெரிய லாபம், கச்சேரிக்கு முன்னால் மைக் சோதிக்கும் நேரத்தில் ஆளில்லாத மேடையில் நின்று பாடிப் பார்ப்பதுதான். திருவிழாவில் ஒரு சிக்கலும் உண்டு. தெருக்கோடிக் கம்பத்தில் கட்டிய புனல் ஸ்பீக்கரிலிருந்து உங்கள் குரல் பிந்தித் திரும்பி வரும். நூறு மீட்டர் தள்ளி இருந்தாலே கால் நொடிக்கு மேல் தாமதம். அதைக் காதில் வாங்கினால் பாட்டு இழுத்துக்கொண்டே போகும். மேடையில் உங்களைப் பார்த்து வைத்த ஸ்பீக்கரையும் தபேலாக்காரரின் கையையும் மட்டும் நம்புங்கள்.

நம் ஊர்க்காரர் கே.பி. சுந்தராம்பாள் 1908இல் கொடுமுடியில் பிறந்தவர். சின்ன வயதில் ரயிலில் பாடியவர், பிறகு மைக் இல்லாத நாடகக் கொட்டகைகளில் பாடியவர். கச்சேரி மேடையும் சினிமாவும் அவருக்கு அப்புறம்தான் வந்தன. பஜனையையும் கும்மியையும் ‘சின்ன இடம்’ என்று ஒதுக்குகிறவர்கள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும்.

என்னிடம் கேட்டால் காலண்டரைப் பார்த்துத்தான் சொல்வேன். மார்கழியில் பஜனை. தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போகும் குழுவோடு வழிநடைப் பாட்டு. நடந்துகொண்டே பாடுவதால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. மாசியில் இரண்டு மூன்று கரோக்கி ஞாயிறுகள், அதுவும் கூட்டம் சேராத முதல் அரைமணி நேரத்தில் உங்கள் பெயரைக் கொடுத்துவிடுங்கள். பங்குனி, சித்திரை நோன்புகளுக்கு ஆர்கெஸ்ட்ராக்காரர்களுக்குக் கோரஸ் ஆள் தேவைப்படும். அவர்களைப் பார்க்கப் போகும்போது உங்களுக்கு மிகவும் கஷ்டமான பாட்டை விட்டுவிட்டு, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பாடக்கூடிய பாட்டு இரண்டை, கட்டையோடு எழுதி எடுத்துப் போங்கள்.