பாதியில் நின்ற மொட்டைமாடி வேலை: மூன்று மழைக்காலம் கழித்து

திருச்சியில் எங்கள் வீடு 35 வருடப் பழையது. 2023 ஆகஸ்டில் மொட்டைமாடியைப் பெயர்த்துவிட்டுப் புதிதாகத் தட்டோடு போட ஒரு மேஸ்திரியிடம் வேலையைக் கொடுத்தோம். 720 சதுர அடி. பொருளும் கூலியும் சேர்த்து சதுர அடிக்கு 165 ரூபாய், மொத்தம் 1,18,800 என்று பேச்சு. ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை. ஆனால் அவர் ரேட்டைப் பிரித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்: பழையதைக் கொத்தி அள்ள 15, செங்கல் ஜல்லித் தளம் 60, ஓடு பதிக்க 75, ஓட்டு இடுக்குகளைப் பூசி அடைக்கும் பாயிண்டிங் 15. பின்னால் எங்களைக் காப்பாற்றியது அந்த ஒரு மெசேஜ்தான்.

மூன்று தவணையாக 90,000 கொடுத்தோம். தளம் முழுதும் போட்டார்கள். ஓடு 310 சதுர அடி வரை வந்தது. அதற்குமேல் ஆள் வரவில்லை. செப்டம்பர் நடுவில் போன் எடுத்தவர், இன்னும் 25,000 போட்டால்தான் வேலை நடக்கும் என்றார். நாங்கள் மறுத்தோம். அதற்கப்புறம் போனும் எடுக்கவில்லை.

எங்களுக்குப் பெரிய நெருக்கடி மழைதான். அக்டோபரில் பருவமழை பிடித்துவிடும். வேறு ஆளை வைத்து முடித்தால், முதல் ஆள் எதுவரை செய்தார் என்பதற்கு அடையாளமே இருக்காது. முடிக்காமல் விட்டால் வீடு ஒழுகும். போலீஸில் புகார் கொடுக்கச் சொன்னார்கள் சிலர். பாதி வேலை செய்திருக்கிறார், இது சிவில் விவகாரம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நான் போகவில்லை.

வழி சொன்னவர் நாங்கள் கூப்பிட்ட இரண்டாவது மேஸ்திரி. "அவர் இல்லாம நான் டேப் பிடிச்சா, நாளைக்கு அளவே பொய்னு சொல்வாரு சார். முறையா ஒரு லெட்டர் போட்டுக் கூப்பிடுங்க" என்றார். அன்றே ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்பினேன். இன்ன ஞாயிறு காலை 10 மணிக்கு அளவெடுக்கிறோம், நீங்கள் வராவிட்டால் அக்கம்பக்கத்தார் இருவர் முன்னிலையில் அளந்துகொள்வோம். அவ்வளவுதான் கடிதம். ஏமாற்றினாய், மோசடி என்று ஒரு வார்த்தை எழுதவில்லை.

அவர் வரவில்லை. டேப்பை விரித்து வைத்தே ஒவ்வொரு பக்கமும் படம் எடுத்தோம். அடுக்கி வைத்திருந்த ஓடுகளை எண்ணினோம், 300 இருந்தன. அளவுத்தாளில் பக்கத்து வீட்டார் இருவரும் இரண்டாவது மேஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். மறுநாளே மீதி வேலை தொடங்கியது.

அடுத்து, கோர்ட் வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுத்தேன். வழக்குப் போடும் முன்பே சமரசம் பேச வைப்பார்கள், கட்டணம் கிடையாது. எதிர்த்தரப்பு வராவிட்டால் அவர்களால் வற்புறுத்த முடியாது என்பதும் தெரியும். அதனால் நுகர்வோர் ஆணையத்துக்கும் காகிதங்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கும் கட்டணம் இல்லை. ஆனால் இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

இரண்டாவது அமர்வுக்கு மேஸ்திரி வந்தார். சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு. சிமென்ட் தூசி ஏறி ஓரமெல்லாம் விறைத்திருந்தது. பென்சிலில் எழுதிய ஒரு வரியைக் காட்டினார்: "தொட்டி மேடை, 2 நாள்." "அக்காதானே சார் சொன்னாங்க, தண்ணித் தொட்டி மேடை வெடிச்சிருக்கு, அதையும் பூசிக் கொடுங்கன்னு?" என்றார். என் மனைவி சொன்னது உண்மை. அது ரேட்டில் சேர்ந்ததா என்று நாங்கள் இருவருமே அன்று கேட்கவில்லை. அந்த வரியைப் பார்த்ததும் என் கோபம் பாதி இறங்கிவிட்டது. அவருக்கும் எங்கள்மேல் ஒரு கணக்கு இருந்திருக்கிறது.

அவருடைய ரேட்டையே வைத்துக் கூட்டினோம். கொத்தியது 10,800, தளம் 43,200, ஓடு 23,250, ஆக 77,250. நான் கூடுதலாகக் கொடுத்திருந்தது 12,750. அதில் மிச்ச ஓட்டுக்கு 4,500 கழித்தோம், தொட்டி மேடைக்குக் கொத்தனார், சித்தாள் கூலி இரண்டு நாளுக்கு 3,400. நின்றது 4,850. வீட்டில் உட்கார்ந்து நான் மனதுக்குள் போட்டு வைத்திருந்த தொகை 40,000. அளந்து பார்த்திருக்காவிட்டால் அந்த 40,000-ஐப் பிடித்துக்கொண்டே வருடக்கணக்கில் சண்டை போட்டிருப்பேன்.

இரண்டு தவணையில் தருவதாக ஒப்புக்கொண்டார். சமரசம் லோக் அதாலத், அதாவது மக்கள் நீதிமன்றத் தீர்ப்பாகப் பதிவானது. அது சிவில் கோர்ட் டிக்ரிக்குச் சமம், அப்பீல் கிடையாது. பணம் சொன்ன தேதியிலேயே வந்தது.

மீதி வேலைக்கு 48,000 ஆனது. எல்லாம் சேர்த்தால் பேசியதைவிட 14,350 கூடுதல் செலவு. இந்த முறை இரண்டாவது மேஸ்திரியிடம் ஒவ்வொரு கட்டமும் முடிந்து அளந்த பிறகே பணம் கொடுத்தேன். கடைசி 8,000-ஐ, மழைக்குழாய் வாயை அடைத்து ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கட்டிப் பார்த்த பிறகுதான் கொடுத்தேன். அவர் முகம் சுளிக்கவில்லை. தானும் மாடியில் நின்று வாட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்.

மூன்று மழைக்காலம் போய்விட்டது. படுக்கையறைக் கூரையில் இருந்த ஓதம் காய்ந்து, சுண்ணாம்பு உதிர்வதும் நின்றுவிட்டது. முதல் மேஸ்திரி போட்ட ஜல்லித் தளம் இன்றுவரை ஒழுகவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். இரண்டு பேர் பதித்த ஓடும் சேருகிற கோட்டில் மட்டும் பாசி பிடிக்கிறது. ஐப்பசி பிறக்கும் முன் அந்த ஒரு வரிசையைச் சுரண்டி, பாயிண்டிங்கைப் புதுப்பித்துவிடுகிறோம்.