வீட்டில் பொருத்தும் ‘போல்’ (pole) நடனக் கம்பம்: ஒரு மதிப்பீடு

தரைக்கும் கூரைக்கும் இடையே அழுத்தத்தால் மட்டுமே நிற்கும் 45 மில்லிமீட்டர் குரோம் கம்பத்தை, செங்குத்துக் கம்பத்தைப் பற்றி ஆடும் ‘போல்’ நடனத்தை உடற்பயிற்சியாகப் பயில்வோருக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் மேலே கான்கிரீட் கூரை இருக்க வேண்டும், ஏனெனில் ஜிப்சம் பலகையாலான பொய்க்கூரை அந்த அழுத்தத்தைத் தாங்காது. நிலையாகவும் சுழலும்படியும் மாற்றிக்கொள்ள முடிவது இதன் சிறப்பு. எனினும் சுழற்சி, பிடியைத் தளர்த்தித் தலையையும் கிறுகிறுக்க வைப்பதால், நிலைக் கம்பத்தில் ஓர் அசைவு கைவந்த பிறகே சுழலவிடுவது நல்லது.

குரோம் பூச்சு வியர்வையில் வழுக்கும். ஆகவே பயிற்சி நாளில் உடலில் எண்ணெயோ க்ரீமோ பூசாமல், கம்பத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் இடையிடையே துடைக்க வேண்டும். மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிட வேண்டும். தோள்பட்டையை இறுக்காமல் கைகளில் வெறுமனே தொங்குவதும், பழகிய ஒரே பக்கத்தில் மட்டும் பயில்வதும் தோளையும் மணிக்கட்டையும் மெல்லப் பழுதாக்கும் என்பதைக் கையேடு ஒரு வரியாவது சொல்லியிருக்கலாம்.

பெட்டியில் மெத்தை வருவதில்லை. சுமார் 10 சென்டிமீட்டர் தடிமனுள்ள ஒன்றைத் தனியே வாங்கியாக வேண்டும். மெத்தை இருந்தாலும், தலைகீழ் நிலைகளைத் துணைக்கு ஆளின்றித் தொடங்கக் கூடாது.