மேலாண்மைத் துறைக்கு எது சரி: ஈ.ஈ.ஜி.யா, ஐ டிராக்கரா?

விளம்பரத்தையோ பொருளையோ பார்ப்பவரின் மூளையும் கண்ணும் எப்படி இயங்குகின்றன என்று அளப்பது நியூரோமார்க்கெட்டிங். அதற்கான ஆய்வகத்துக்கு எங்கள் மேலாண்மைத் துறையில் நிதி ஒதுக்கினார்கள். தலையில் மின்முனைகள் வைத்து மூளையைப் பதியும் ஈ.ஈ.ஜி., கண் எங்கே பார்க்கிறது என்று பதியும் ஐ டிராக்கர் இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் போதும் என்ற நிலை. ஐ டிராக்கரை வாங்கினோம். இன்று யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

மூளை இயங்குவதை மருத்துவ ஸ்கேனரில் படமெடுக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ.யை முதலிலேயே ஒதுக்கிவிட்டோம். கோக், பெப்சி குடிப்பவர்களின் மூளையைப் படமெடுத்து 2004இல் வெளியான ஆய்வுதான் இந்தத் துறையைப் பிரபலமாக்கியது. ஆனால் அதைச் செய்தது அமெரிக்காவின் பேலர் மருத்துவக் கல்லூரிக் குழு. நோயாளிகள் காத்திருக்கும் ஸ்கேனரில் விளம்பர ஆய்வுக்கு நேரம் கேட்க எங்களுக்கு மனம் வரவில்லை.

ஈ.ஈ.ஜி.யின் பலம் தெரிந்ததுதான்: மூளையின் மின்னலைகளை மில்லி நொடிக் கணக்கில் பதியும். ஐ டிராக்கர் பார்வை எங்கே போனது, எவ்வளவு நேரம் நின்றது என்று மட்டுமே காட்டும். நின்ற பார்வை விருப்பத்தாலா, குழப்பத்தாலா என்பதைப் பேட்டி எடுத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இருந்தும் ஐ டிராக்கர் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் ஆள். கருவி துறையிலேயே இருக்கும். அதை இயக்கக் கற்றவர் இருக்க மாட்டார். எம்.பி.ஏ. மாணவர் இரண்டு ஆண்டில் போய்விடுவார், ஆய்வு மாணவர் பட்டம் வாங்கியதும் வேலைக்குப் போய்விடுவார். ஜெல் வகை ஈ.ஈ.ஜி.யில் தொப்பி மாட்டி, ஒவ்வொரு மின்முனைக்கும் அடியில் முடியை விலக்கி ஜெல் வைக்க வேண்டும். எண்ணெய் தடவிய அடர்ந்த கூந்தலில் சிக்னல் சரியாகக் கிடைக்காது. பூவை எடுத்து, பின்னலை அவிழ்த்து, முடிந்ததும் தலையை அலசிக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போ என்றால் எத்தனை மாணவிகள் முன்வருவார்கள்? அதற்குப் பிறகுதான் பெரிய வேலை. கண் சிமிட்டல், பல் கடிப்பு, மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் எல்லாவற்றையும் தரவிலிருந்து பிரிக்க வேண்டும். எதை நீக்குவது, எதை விடுவது என்ற பக்குவம் பல மாதப் பழக்கத்தில் வருவது. கற்றவர் போனால் அதுவும் அவரோடு போய்விடும்.

ஐ டிராக்கரை அடுத்த தொகுதி மாணவர்களுக்கு ஒரு மதியத்தில் கற்றுத்தரலாம். திரையில் ஐந்து அல்லது ஒன்பது புள்ளிகளைப் பார்க்கச் சொல்லி அளவு சரிசெய்தால் பதிவு தொடங்கிவிடும். பிஸ்கட் பாக்கெட் படத்தைக் காட்டினால், கண் பெயரிலிருந்து படத்துக்குத் தாவுவதையும், ஊட்டச்சத்துப் பட்டியலைத் தொடாமலே போவதையும் அப்போதே பார்க்கலாம். தொல்லைகள் இதிலும் உண்டு. மூக்குக் கண்ணாடியின் பிரதிபலிப்பு, அடர்ந்த கண்மை, ஜன்னல் வெயில் மூன்றும் பதிவைக் கெடுக்கும். கருவி அகச்சிவப்பு ஒளியில் இயங்குவதால் தடித்த திரைச்சீலை போட்டோம்.

நெறிமுறைக் குழுவின் அனுமதி இரண்டுக்குமே தேவை. பல மேலாண்மைத் துறைகளில் அப்படியொரு குழுவே கிடையாது. மூளைத் தரவு என்றால் கேள்விகள் இன்னும் கடுமையாகும், அது நியாயமும்கூட. மூளைச் செயல்பாட்டுத் தகவலைக் காக்க 2021இல் சிலி நாடு அரசியலமைப்பையே திருத்தியது.

உங்கள் வளாகத்திலேயே உளவியல் துறையோ உயிர்மருத்துவப் பொறியியல் துறையோ இருந்து, நிரந்தரத் தொழில்நுட்பர் ஒருவரும் இருந்தால், அவர்களோடு சேர்ந்து ஈ.ஈ.ஜி. வாங்குங்கள், அங்கே என் வாதம் செல்லாது. நான் சொல்வது திரையில் பொருத்தும் ஐ டிராக்கரைப் பற்றித்தான். கடைக்குள் அணிந்து நடக்கும் கண்ணாடி வகையில் எனக்கு அனுபவம் இல்லை.

எதை வாங்கினாலும் மென்பொருள் உரிமத்துக்கு ஆண்டுக் கட்டணம் உண்டா என்று விலைப்புள்ளியிலேயே எழுதி வாங்குங்கள். முதல் ஆண்டு நிதி அடுத்த ஆண்டும் வரும் என்ற உறுதி இல்லை. அதற்கும் முன்னால், அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் உருவான வெப்கேசர் என்ற பார்வை பதியும் மென்பொருளை மாணவர்களிடம் கொடுத்துப் பாருங்கள். சாதாரண வெப்கேமராவில் இலவசமாக ஓடும். துல்லியம் குறைவுதான், ஆனால் துறையில் எத்தனை பேருக்கு உண்மையான ஆர்வம் என்பது ஒரு செமஸ்டருக்குள் தெரிந்துவிடும்.