கைப்பிடி மக்கா, நானிக் கிளாஸா?

பிரிட்டனில் பழைய வீட்டு அலமாரியைக் காலி செய்தால், ஒரு மூலையில் பீர் கண்ணாடி ஒன்றாவது அகப்படும். பெரும்பாலும் இரண்டு வகைதான்.

ஒன்று, உடம்பெல்லாம் குழி விழுந்த கைப்பிடி மக். கனமான, தடித்த கண்ணாடி. கைச்சூடு பீரைத் தொடாது. ஆனால் ஒன்றுக்குள் ஒன்று அடுக்க முடியாது, அலமாரியில் இடத்தை அடைக்கும். பப்காரர்கள் மெல்ல மெல்லக் கைவிட்டதற்கு அது போதாதா?

இன்னொன்று நானிக். விளிம்புக்குச் சற்றுக் கீழே வளையமாகப் புடைத்திருக்கும். ஏதோ அலங்காரம் என்று நினைத்துவிட வேண்டாம். அடுக்கினால் இறுகி ஒட்டாது, பக்கத்துக் கிளாஸில் இடித்தாலும் விளிம்பு சில்லு பெயராது, ஈரக்கையில் வழுக்காது. அழகில் மக்குக்குத்தான் என் ஓட்டு. தினப்படி புழக்கத்துக்கு நானிக்.

அளவு? இரண்டிலுமே முழு பைண்ட் என்றால் 568 மில்லி, அரை பைண்ட் 284. அமெரிக்க பைண்ட் 473தான், குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சரி, வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? வடிவத்தை நம்பாதீர்கள், இரண்டும் இன்றும் விற்பனையில் உண்டு. முத்திரையைத் தேடுங்கள். கிரீடமும் அதனுடன் ஓர் எண்ணும் இருந்தால் பெரும்பாலும் 2006-க்கு முந்தையது. அந்த எண் அளவைச் சரிபார்த்த அலுவலகத்தைக் குறிக்கும். ‘சிஇ’ (CE) என்ற ஐரோப்பியக் குறியும், எம் (M) எழுத்துக்குப் பின் இரண்டு இலக்கமும் இருந்தால் அதற்குப் பிந்தையது. எம் 07 என்றால் 2007.