நத்தாருக்கு வாங்கிய ரவை கேக்

ரொறன்ரோப் பனிக்குத் தப்பி அக்கா குடும்பம் நத்தாருக்கு வந்திருந்தது. கொழும்பு கொட்டாஞ்சேனையில் வீட்டிலேயே கேக் செய்து விற்கும் ஓர் அம்மாவிடம் இரண்டு கிலோ சொல்லிவைத்தேன். கோதுமை மாவு இல்லை, ரவைதான். கஜு, முந்திரிகை வற்றல் (உலர்திராட்சை), இஞ்சிப்பாகு, பூசணித் தோசி (சீனிப்பாகில் ஊறிய நீற்றுப்பூசணித் துண்டு) ஒவ்வொன்றும் பல்லில் தனித்தனியாகப் படுகிறது. பன்னீரும் ஏலமும் அளவோடு. பிராந்தி மட்டும் தாராளம். அத்தான் அதைக் குறையாகச் சொல்லவில்லை! மேலே பூசிய கஜுப் பசைதான் திகட்டும் இனிப்பு. கொழும்புப் புழுக்கத்தில் கசிந்து எண்ணெய்க் கடதாசியோடு ஒட்டிக்கொண்டது. காலையில் வரவேண்டிய கேக், 24ஆம் திகதி இரவு நாங்கள் நள்ளிரவுப் பூசைக்குக் கிளம்பும்போதுதான் வந்து சேர்ந்தது. அடுத்த முறையும் அவரிடமே வாங்குவேன், ஆனால் 22ஆம் திகதிக்கே கேட்பேன், மேற்பூச்சு வேண்டாம் என்பேன்.