கிளாண்டைக் தங்க வேட்டை: பலகை விளையாட்டு, பெரும்பாக்கத்துப் பிள்ளைகளோடு ஆடிய அனுபவம்

பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் பிள்ளைகளுக்காகச் சின்னதாக ஒரு வாசிப்பு அறை நடத்துகிறேன். வார நாட்களில் புத்தகம், சனி ஞாயிறில் விளையாட்டு. கேரம், செஸ் எல்லாம் அலுத்துப்போன எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக இந்த விளையாட்டை அண்ணா நகரில் ஒரு கடையில் வாங்கினேன். விலை 2,800 ரூபாய். எங்கள் மாதிரி இடத்துக்கு அது பெரிய தொகை. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். கடைக்காரர்கள் பெட்டியைப் பிரித்து ஒரு சுற்று ஆடிப் பார்க்க விட்டார்கள். அதற்கு நன்றி.

கதை இதுதான். 1896 ஆகஸ்டில் கனடாவின் வடமேற்குக் கோடியில், கிளாண்டைக் ஆற்றில் சேரும் ஒரு ஓடையில் தங்கம் கிடைத்தது. அடுத்த வருடம் ஜூலையில் தங்கத்தோடு கப்பல்கள் சான் பிரான்சிஸ்கோவுக்கும் சியாட்டிலுக்கும் வந்து சேர, கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேர் வடக்கே கிளம்பினார்கள். தங்கம் கிடைத்த பகுதியில் எழுந்த டாசன் ஊரை எட்டியவர்கள் 30,000, 40,000 பேர்தான். அந்தப் பயணத்தைத்தான் நாம் ஆடுகிறோம்: கப்பல், சில்கூட் கணவாய், பென்னெட் ஏரி, அங்கே மரத்தை அறுத்துப் படகு கட்டி யூகான் ஆற்றில் இறங்கி டாசன்.

கணவாய்ப் பகுதி அபாரம். மேலே கனடா போலீஸ் நிற்கும். ஒருவருக்கு ஒரு வருடத்துக்கான சாமான், கிட்டத்தட்ட ஒரு டன், இருந்தால்தான் உள்ளே விடும். நிஜத்திலும் அப்படித்தான். ஒரு டன்னை ஒரே தடவையில் தூக்க முடியுமா? மூட்டை மூட்டையாகத் திரும்பத் திரும்ப ஏற வேண்டும். பனியில் வெட்டிய அந்தப் படிகளில் பலர் முப்பது நாற்பது தடவை ஏறியிருக்கிறார்கள். விளையாட்டிலும் காய் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, பிள்ளைகளுக்கு மூச்சு வாங்கிவிடும். கடைசியாக டாசன் போகிறவருக்கு ஓடையோரம் ஒரு துண்டு நிலம்கூட மிச்சம் இருக்காது. அதுவும் நடந்ததுதான். ஒளித்து வைக்காமல் காட்டியிருக்கிறார்கள்.

இனி குறை. பெரிய குறை.

வரைபடத்தில் கிளாண்டைக் ஆறு யூகானோடு சேரும் இடம் வெறும் பச்சையாக இருக்கிறது. எங்கள் குடியிருப்பில் பாதிப் பிள்ளைகள் கூவம், அடையாறு கரைகளிலிருந்து இங்கே கொண்டுவந்து குடிவைக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைகள். அதில் ஒரு பெண் அந்த இடத்தில் விரலை வைத்து, "அக்கா, ரெண்டு ஆறு சேர்ற எடத்துல யாருமே இல்லாமயா இருந்திருப்பாங்க?" என்றாள்.

இருந்தார்கள். ஹான் என்ற அந்த மண்ணின் பழங்குடி மக்கள். இன்று தங்களை ட்ரொண்டெக் ஹ்வெச்சின் என்று சொல்லிக்கொள்கிறார்கள். அந்த முகத்துவாரத்தில் ட்ரோசெக் என்ற அவர்களது மீன்பிடிக் குடியிருப்பு இருந்தது. கோடையில் சால்மன் பிடித்து, குளிர்காலத்துக்குக் காயவைத்துச் சேமிக்கும் இடம். தங்கம் தேடி வந்தவர்கள் எதிர்க்கரையில் டாசனைக் கட்டி, இந்தக் கரையிலும் குடிசை போட்டார்கள். 1897இல் தலைவர் ஐசக் தன் மக்களை ஆற்றின் போக்கில் சுமார் 5 கிலோமீட்டர் தள்ளியிருந்த மூஸ்ஹைட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார். வந்த கூட்டத்தில் தங்கள் பாட்டும் ஆட்டமும் அழிந்துவிடும் என்று கண்டு, அவற்றை அலாஸ்காவில் இருந்த உறவினர்களிடம் ஒப்படைத்தார். பல பத்தாண்டுகள் கழித்து அவர்களிடமிருந்து திரும்பக் கற்றுக்கொண்டார்கள். இதைச் சொன்னபோது யாரும் பகடையைத் தொடவில்லை. ஒரு பையன் மட்டும், "அவங்ககிட்ட கேட்டாங்களா, போறீங்களான்னு?" என்றான். அந்தக் கேள்விக்கு இந்தப் பெட்டிக்குள் ஒரு கார்டுகூட இல்லை.

அந்த மண்ணின் மக்களைக் காட்ட இருப்பது ஒரே கார்டு: 'சுமைகூலி'. முகம் தெரியாத ஓர் உருவம், கூலி 2 டாலர். இது ரொம்பத் தப்பு. சில்கூட் வழி, தங்கம் கிடைப்பதற்கு வெகுகாலம் முன்பே டிலிங்கிட் என்ற இன்னொரு பழங்குடி மக்களின் வணிகப் பாதை. அதில் யார் போகலாம் என்பது அவர்கள் கையில் இருந்தது. சுமை தூக்கியபோதும் கிராக்கிக்கு ஏற்பக் கூலியை ஏற்றினார்கள். பலர் ஞாயிற்றுக்கிழமை வேலை செய்ய மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் கம்பிவடத்தில் மூட்டை ஏறியது. 1900இல் வேறு கணவாய் வழியாக ஒயிட்ஹார்ஸ் வரை ரயில் போனதும் அந்தப் பிழைப்பும் முடிந்தது.

தங்கத்தைக் கண்டவர் என்று ஜார்ஜ் கார்மாக் படம் மட்டும் போட்டிருப்பதும் சரியில்லை. அன்று கூட இருந்தவர்கள் டாகிஷ் என்ற பழங்குடி இனத்தவர்: அவர் மனைவி ஷாவ் ட்லா என்கிற கேட், கேட்டின் சகோதரர் கெய்ஷ் என்கிற ஸ்கூகும் ஜிம், அவர்கள் உறவுப் பையன் டாசன் சார்லி. முதலில் கண்ணில் பட்டது யாருக்கு என்பதில் இன்றும் பேச்சு உண்டு. பதிவானது கார்மாக் பேரில். 1900இல் அவர் கேட்டை விட்டுவிட்டுப் போய் வேறு கல்யாணம் செய்துகொண்டார்.

நாங்களே அட்டை வெட்டி ஒன்பது கார்டு எழுதினோம். டிலிங்கிட் தரப்பை ஒருவர் ஆடுவார்; கூலியை அவர் சொல்வார், ஒவ்வொரு ஏழாவது சுற்றும் சுமை கிடையாது. ஹான் தரப்பை ஆடுபவர் கோடைக்குள் மீன் சேர்க்க வேண்டும். டாசனில் ஒவ்வொரு வீடு எழும்போதும் அவருக்கு ஒரு வலை குறையும். ஆட்டம் இன்னும் விறுவிறுப்பாகிவிட்டது. பேரம் பேசாமல் யாரும் மலை ஏற முடியாது.

விளையாட்டு 1899இல், நோம் என்ற ஊரில் தங்கம் என்று கேட்டு டாசன் காலியாகும்போது முடிகிறது. ஹான் மக்களுக்கு அது முடிவில்லை. 1998இல் நிலத்துக்கும் தன்னாட்சிக்கும் அரசோடு ஒப்பந்தம் போட்டார்கள். 2023இல் ட்ரோசெக்கும் மூஸ்ஹைட்டும் சேர்ந்த ட்ரொண்டெக்-கிளாண்டைக் பகுதி யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது. அடுத்த பதிப்பில் குறைந்தபட்சம் அந்த இரண்டு ஊரையாவது வரைபடத்தில் போட வேண்டும்.

மற்றபடி: பலகை கெட்டி, மரப் படகுகள் அழகு. கார்டுகள் நம் ஊர்ப் புழுக்கத்தில் சுருள்கின்றன, வாங்கின அன்றே உறை போடுங்கள். விதிப் புத்தகம் ஆங்கிலத்தில் மட்டும். நான் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். நான்கு பேர் ஆடினால் இரண்டு மணி நேரம் ஆகும். பத்து வயதுக்கு மேல் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு வாங்கலாம், எங்கள் கார்டுகளையும் சேர்த்துக்கொண்டால். வாசிப்பு அறைக்கு எந்தச் சனிக்கிழமை வந்தாலும் பார்த்து எழுதிக்கொண்டு போகலாம்.